ஆடிட்டரை மாற்றுவதற்கு முன்னால்

நீங்கள் கேட்டிருப்பது “ஆடிட்டரை மாற்றிவிடலாமா?” என்று. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுப் பக்கம் ஆறு மெஷின் போட்டு நைட்டி தைத்து மொத்த விலைக்குக் கொடுக்கிறீர்கள். ஆடிட்டருக்கு மாதம் 2,500 ரூபாய் போகிறது, ஜிஎஸ்டி கணக்கும் மாதாமாதம் தாக்கலாகிறது. அப்படியிருந்தும் இன்புட்டில் (கொள்முதலில் கொடுத்த வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வதில்) வித்தியாசம் என்று நோட்டீஸ் வந்து, யாரும் பதில் கொடுக்காமல், வரியும் அபராதமும் கட்டச் சொல்லி உத்தரவே வந்துவிட்டது. வரி ஆபீஸிலிருந்து போன் வந்த பிறகுதான் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மாற்றுவதா வேண்டாமா என்பதை விட, “பணம் கொடுத்தும் இப்படி ஆகிறதென்றால் அவர் வேலை எதுவரை, என் வேலை எதிலிருந்து?” என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு விடை தெரியாமல் ஆளை மட்டும் மாற்றினால், அடுத்த ஆளிடமும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் இல்லை. வரி ஆலோசகர், ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்தவன். ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்திலிருந்து மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை கடைகளின் கணக்கைப் பார்த்துவருகிறேன். அதனால் கடைக் கணக்கு, ரிட்டர்ன், நோட்டீஸ் பற்றித் தைரியமாகச் சொல்வேன். உங்கள் உத்தரவில் உள்ள தொகை நிற்குமா நிற்காதா என்பதைப் பேப்பரைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. உங்கள் ஆடிட்டர் மேல் தப்பா என்பதும் அப்படித்தான். அவர் பக்கத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து (போர்ட்டலில் ஏற்றினாலும் தெரிவித்ததாகத்தான் அர்த்தம்) அப்பீல் போட 3 மாதம் அவகாசம். அது தாண்டினால், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம்வரை தாமதத்தை மன்னிக்க அப்பீல் அதிகாரிக்கு இடமிருக்கிறது, அதற்கு மேல் அவருக்கே அதிகாரம் கிடையாது. வழக்கிலுள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆகவே முதல் வேலை, உத்தரவின் தேதியைப் பார்ப்பது. ஜிஎஸ்டி போர்ட்டலில் நோட்டீஸ் என்று ஒரு பகுதியும் கூடுதல் நோட்டீஸ் என்று இன்னொரு பகுதியும் இருக்கின்றன, இரண்டையும் திறந்து பாருங்கள். இதற்குள் எட்டிப்பார்க்காமல் விட்டவர்கள் உங்களைப் போல ஏராளம். “போர்ட்டலில் போட்டார்கள், எங்களுக்குத் தெரியவில்லை” என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன சிறு வியாபாரிகளின் வழக்குகள் 2024-இல் வரிசையாக வந்தன. பலவற்றில் வரியில் ஒரு பங்கை, பெரும்பாலும் 10 சதவீதத்தை, கட்டச் சொல்லிவிட்டு மறுபடி விசாரிக்க உத்தரவாகியிருக்கிறது. உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அப்பீல் அவகாசம் இருக்கும்போது ஹைகோர்ட்டு வரை போவது வீண் செலவு.

இப்போது அந்த நோட்டீஸ் உங்கள் கண்ணில் ஏன் படவில்லை என்பதற்கு வருகிறேன். நான் பார்த்த பத்துக் கடைகளில் பாதிக்கு மேல் காரணம் ஒன்றுதான். பதிவு செய்த நாளில் போர்ட்டலில் கொடுத்த இமெயிலும் மொபைல் நம்பரும் ஆடிட்டர் ஆபீஸினுடையவை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அவசர அவசரமாகப் பதிவு நடந்தது. “ஓடிபி வரும், உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்” என்று ஆபீஸ் பையனின் நம்பரையே போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் வேலையை விட்டு வேறெங்கோ போயிருப்பார், நோட்டீஸ் குறுஞ்செய்தி இன்னமும் அவர் போனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். சட்டப்படி போர்ட்டலில் ஏற்றினாலும், பதிவான இமெயிலுக்கு அனுப்பினாலும், நோட்டீஸ் கொடுத்ததாகத்தான் அர்த்தம். கையில் காகிதம் வரவில்லை என்பது மட்டும் பதிலாகாது.

இதைச் சரிசெய்ய யாருடைய தயவும் தேவையில்லை. போர்ட்டலில் உள்ளே போய், பதிவுத் திருத்தத்தில் ‘நான்-கோர்’ என்ற வகையில் உங்கள் சொந்த இமெயிலையும் மொபைலையும் போட்டால், ஓடிபி சரிபார்ப்போடு மாறிவிடும். அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டே உங்களிடம் இல்லை, ஆடிட்டரும் தரவில்லை என்றால், பான் கார்டும் கடை ஆதாரங்களும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார ஜிஎஸ்டி அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் அவர்களே மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது. வருமான வரிப் போர்ட்டலிலும் இதே வேலையைச் செய்யுங்கள். ஆடிட்டர் ஆபீஸுக்குத் தகவல் வேண்டுமென்றால் நீங்கள் அனுப்புங்கள். பதிவு உங்கள் பெயரில், பொறுப்பு உங்கள் தலையில், தகவல் மட்டும் வேறொருவர் போனில் என்ற ஏற்பாட்டை இன்றைக்கே முடித்துவிடுங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, நீங்கள் 2,500 ரூபாய் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது. நம் பக்கம் கணக்குப் பார்க்கிற எல்லாரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் சார்ட்டர்டு அக்கவுண்டண்டாக இருக்கலாம், என்னைப் போல பிராக்டிஷனராக இருக்கலாம், டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த அக்கவுண்டண்டாகவும் இருக்கலாம். ரிட்டர்ன் போடுவதற்கு மூன்று பேருமே போதும், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட சார்ட்டர்டு அக்கவுண்டண்டால் மட்டுமே முடியும். பாங்க் லோனுக்குச் சான்றிதழ் வாங்கினால் அதில் யூடிஐஎன் என்ற 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகளின் இன்ஸ்டிட்யூட் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 2,500 ரூபாய் அதிகமா குறைவா என்றும் கேட்டிருந்தீர்கள். மாதம் 20 பில்லா, 300 பில்லா, டேலியில் ஏற்றுவதும் அவர்களா என்பதைப் பொறுத்தது அது. மாதாந்திர ரிட்டர்னுக்கு மட்டும் பேசிய தொகையில் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது பெரும்பாலும் சேராது. இதை இரண்டு பேரும் பேசியே இருக்க மாட்டீர்கள். ஒரு தாளில், இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலாவது, “இந்தத் தொகைக்குள் இவை, இவற்றுக்குத் தனி” என்று எழுதி வாங்குங்கள். போர்ட்டலின் நோட்டீஸ் பகுதிகளை மாதம் ஒருமுறை பார்ப்பது யார் வேலை என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

சரி, மாதாமாதம் நடப்பதைப் பார்ப்போம். உங்கள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14-ஆம் தேதி போர்ட்டல் 2பி என்ற பட்டியலைத் தயாரிக்கும். உங்களுக்குச் சரக்குப் போட்டவர்கள் காட்டிய பில்கள் அதில் வரும். அதை வைத்து 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைப் போட்டு வரி கட்ட வேண்டும். ஆனால் எங்கள் ஆபீஸ்களில் நடப்பது என்ன? 10-ஆம் தேதி ராத்திரி விற்பனை பில் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்து விழும். கொள்முதல் பில்கள் 18, 19-ஆம் தேதியில் கட்டைப்பையில் வரும். அதில் பாதி தெர்மல் பேப்பர், எழுத்து மங்கிப்போயிருக்கும். கடைசி இரண்டு நாளில் அந்த ஆபீஸில் இதே மாதிரிப் பைகள் மேஜைக்கு மேலேயும் கீழேயும் குவிந்திருக்கும். அன்றைக்கு எவ்வளவு நல்ல ஆடிட்டராக இருந்தாலும், 2பி-யில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துப் போட்டு ரிட்டர்னை முடிப்பார். உங்கள் பில்லோடு ஒப்பிட நேரம் இருக்காது. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்ற பயம் அவருக்கும் இருக்கிறது.

அந்த ஒப்பிடுதலில்தான் உங்கள் பணம் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். மண்ணடியில் பைப், ஃபிட்டிங்ஸ் விற்கிற பாய் ஒருவர். அவருடைய கொள்முதல் பில் ஒன்று 1,18,000 ரூபாய், அதில் வரி 18,000. பில் கையில் இருக்கிறது, பணமும் பாங்க் வழியாகப் போயிருக்கிறது, ஆனால் 2பி-யில் இல்லை. அவர் பில்களை 12-ஆம் தேதியே கொடுத்துவிடுகிறவர் என்பதால் 15-ஆம் தேதி உட்கார்ந்து டிக் அடித்துப் பார்க்க முடிந்தது. “பாய், இந்த ஒண்ணு வரல, போன் போட்டுக் கேளுங்க” என்றேன். அவர் என் முன்னாலேயே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். அங்கே இவருடைய ஜிஎஸ்டி நம்பரைப் போடாமல் சாதாரண வாடிக்கையாளர் விற்பனையாகக் காட்டியிருந்தார்கள். அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தினார்கள், 18,000 ரூபாய் கிடைத்தது. அதே பில் வருடம் கழித்துக் கண்ணில் பட்டிருந்தால்? ஒரு நிதியாண்டின் இன்புட்டை அந்த ஆண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதிக்குள், எடுத்தாக வேண்டும். அதன் பிறகு பில் இருந்தும் பிரயோஜனமில்லை. 2பி-யில் இல்லாததை பில்லை மட்டும் நம்பி எடுத்தால் உங்களுக்கு வந்தது போன்ற வித்தியாச நோட்டீஸ் வரும். உங்கள் நோட்டீஸின் வேரும் இப்படி ஒரு பில்லில் இருக்கலாம் என்பது என் ஊகம், உறுதியாகச் சொல்லவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, மாதம் முடிந்து 5-ஆம் தேதிக்குள் விற்பனை பில், 8-ஆம் தேதிக்குள் கொள்முதல் பில், இரண்டையும் நம்பர் வரிசைப்படி கொடுத்துவிடுவது. தெர்மல் பேப்பர் பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். 15, 16-ஆம் தேதியில் அரை மணி நேரம் அவர் ஆபீஸில் உட்கார்ந்து, வராத பில் எது என்று கேட்டு, அங்கேயே சப்ளையருக்குப் போன் போடுங்கள். சப்ளையர் உங்கள் போனைத்தான் மதிப்பார், ஆடிட்டர் போனை மதிக்க மாட்டார். விற்பனைப் பக்கமும் கவனம் வேண்டும். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டிய விற்பனை வரியை 3பி-யில் கையால் மாற்ற முடியாது. தப்பு இருந்தால் 3பி போடுவதற்கு முன்பு 1ஏ என்ற படிவத்தில் திருத்த வேண்டும். முன்பு “3பி-யில் பார்த்துக்கலாம்” என்று ஓட்டியது இனி ஓடாது.

அப்புறம் பணம். ராயபுரத்தில் சாயங்கால டிபன் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் ஜிபே ஸ்டேட்மெண்ட்டை ஒருமுறை வரி வரியாகப் பார்த்தோம். இட்லி, தோசைப் பணத்துக்கு நடுவில் சீட்டு எடுத்த பணம், மைத்துனர் அனுப்பிய கைமாத்து, மகள் காலேஜ் ஃபீஸுக்கு அண்ணன் போட்டது எல்லாம் ஒரே அக்கவுண்ட்டில். மார்ச் மாதம் கேட்டால் எது எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? விளக்கம் சொல்ல முடியாத வரவை விற்பனை என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார். 2025-இல் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிப் பெரிய பிரச்சினை ஆனது உங்களுக்கு நினைவிருக்கும். கடைக்கென்று தனிக் கரண்ட் அக்கவுண்ட், கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அதற்கே. விற்பனையல்லாத பணம் அதில் வந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் “இன்னார், கைமாத்து” என்று எழுதிவிடுங்கள். ரொக்கத்தில் இரண்டு வரம்புகளை மறக்காதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரியில் கழிக்க விடமாட்டார்கள். சௌகார்பேட்டையில் துணி எடுக்கும்போது இது அடிக்கடி தாண்டிப்போகிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் வாங்கவே கூடாது, வாங்கினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

இவ்வளவையும் செய்தாலும், ஆடிட்டருக்கு நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும் என்கிற விஷயங்கள் உண்டு. உங்கள் தையல் யூனிட்டுக்கு வாடகை கொடுக்கிறீர்கள் அல்லவா? கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10-இலிருந்து வணிக இடத்தின் வாடகைக்கு 18 சதவீத வரியை வாடகைக்கு இருக்கும் நீங்களே கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது, நீங்கள் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர், ஆகவே உண்டு. வாடகை 15,000 என்றால் மாதம் 2,700. அதை இன்புட்டை வைத்துக் கழிக்காமல் பணமாகக் கட்டி, பிறகு இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் பெரிய நஷ்டமில்லை. கட்டாமல் விட்டால்தான் வட்டியோடு வந்து நிற்கும். கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி இருக்கிறதா இல்லையா என்று ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்? வாடகை டேலியில் ஒரு பதிவுதான். புது மெஷின் வாங்குவது, மாடியைக் குடோனாக எடுப்பது, தம்பியைப் பார்ட்னராகச் சேர்ப்பது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவது, ஆன்லைனில் விற்பது, இவை எதையும் செய்வதற்கு முன்னால் ஒரு போன். செய்து முடித்துவிட்டு பில்லைக் கொண்டுவந்தால் நாங்கள் பதிவு மட்டும்தான் செய்ய முடியும். சப்ளையருக்குப் பாக்கி 180 நாளைத் தாண்டினால் எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் அப்படித்தான். துணி வியாபாரத்தில் நீண்ட கடன் சகஜம், எந்த பில் பாக்கி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆடிட்டரிடம் கேட்கவே கூடாதவையும் உண்டு. சரக்கே வராமல் பில் மட்டும் வாங்கி இன்புட் எடுப்பது, லோனுக்காக விற்பனையை ஏற்றிக் காட்டச் சொல்வது. “எல்லாரும் பண்றாங்க சார்” என்று சொல்லி நல்ல ஆடிட்டரை வற்புறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்கு வருத்தமாக இருக்கும். அவராகவே இப்படி ஒரு யோசனை சொன்னால், அந்த ஆபீஸை விட்டு வெளியே வர அது ஒன்றே போதும்.

இனி மாற்றுவது பற்றி. முதலில் இப்போதைய ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நோட்டீஸ் அவர் போனுக்கு வந்ததா, வந்தும் சொல்லவில்லையா, பில் கேட்டு நீங்கள் தரவில்லையா என்று கேளுங்கள். தெரிந்தும் மறைத்தார் என்றாலோ, பாஸ்வேர்டு தர மறுத்தாலோ, மாற்றிவிடுங்கள். வேலை அதிகம், கவனிக்கவில்லை என்றால், மேலே சொன்ன தேதிகளை ஒப்புக்கொண்டு ஒரு மூன்று மாதம் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். இதில் வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு. மாற்றுவதென்று முடிவானால் அப்பீல் வேலை பாதியில் இருக்கும்போது மாற்றாதீர்கள், அல்லது அப்பீலை மட்டும் வேறொருவரிடம் தனியாகக் கொடுங்கள். பழைய பாக்கி ஃபீஸை முடித்துவிட்டு டேலி டேட்டா பேக்கப், போட்ட எல்லா ரிட்டர்ன்களின் நகல், 2பி ஒப்பிட்ட ஒர்க்கிங், நோட்டீஸ்களுக்கு அனுப்பிய பதில்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை, அந்த வருட ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் நீங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பேக்கப்பைப் பென்டிரைவில் ஒன்று, இமெயிலில் ஒன்று என்று வைத்துவிட்டு, வாங்கிய அன்று இரவே போர்ட்டல்களின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.